விளக்கை அணையுங்கள், மருந்துப் புட்டியை மூடிவையுங்கள்

வாசகர் கேள்வி:

நாங்கள் வசிக்கும் நாட்டில் ஒரு வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. வீட்டின் பின்புறம் சிறிய தோட்டம் வைத்திருக்கிறோம். தக்காளி, மிளகாய், கொடி பீன்ஸ், புதினா, இரண்டு ரோஜா, தொட்டியில் ஓர் அரளி. இந்த ஆண்டு முதல்முறையாகத் தக்காளி வரிசையின் ஓரத்தில் இரண்டு கஞ்சாச் செடிகள் வைத்தோம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன, ஆனால் பூவைக் காணோம். இதே ரகத்தை வளர்க்கும் நண்பர் வீட்டில் பூக்கத் தொடங்கி மூன்று வாரமாகிறது. எங்கள் செடிகளுக்கு ஏழெட்டு அடி தள்ளிப் பின்வாசல் விளக்கு இருக்கிறது. பாதுகாப்புக்காக இரவு முழுவதும் எரியும். இதற்கிடையில் பீன்ஸ் இலைகளில் வெளிர்ப் புள்ளிகள் வந்து, அடியில் மெல்லிய நூல் படர்ந்து, இப்போது கஞ்சாவின் கீழ் இலைகளிலும் தெரிகிறது. ரோஜாவுக்கு வாங்கிய பூச்சிமருந்து கையில் இருக்கிறது. அதையே எல்லாவற்றுக்கும் அடித்துவிடலாமா? கஞ்சாவின் அடி இலைகள் மஞ்சளாகவும் ஆகின்றன. பாத்தி இருக்கும் இடத்தில் முன்பு பெயிண்ட் உரிந்த பழைய மரக்கொட்டகை ஒன்று இருந்தது. வீட்டில் ஐந்து வயது மகளும் ஒரு நாயும் இருக்கிறார்கள். அறுவடை வரை எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தோட்டக்கலை ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த ரோஜா மருந்தைத் திறக்காதீர்கள். பின்வாசல் விளக்கை இன்று இரவே அணைத்துவிடுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள். இரண்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

மருந்திலிருந்து தொடங்குகிறேன். ரோஜாவுக்கென்று விற்கப்படும் கலவைகள், அந்தப் பூவை யாரும் சாப்பிடப் போவதில்லை என்ற கணக்கில் தயாரிக்கப்படுபவை. பலவற்றில் பூச்சிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் சேர்ந்தே இருக்கும். வேர் வழியாகவோ இலை வழியாகவோ செடிக்குள் ஊடுருவி, தண்டு, இலை, பூ என எங்கும் பரவி நிற்கும் வகைகளும் அவற்றில் உண்டு. உள்ளே போய்விட்ட மருந்தைத் தண்ணீரில் அலசி எடுக்க முடியாது. தக்காளிக்கும் பீன்ஸுக்கும் மருந்து அடிக்கிறவர்கள், அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று புட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பறிக்க வேண்டும். ரோஜா மருந்தின் புட்டியில் காய்கறிக்கான அந்த வரியே இருக்காது. ஆகவே உங்கள் பீன்ஸுக்கும் அது ஆகாது.

கஞ்சாவின் நிலைமை இன்னும் கடினம். தக்காளியை நாம் கழுவுகிறோம். அது வயிற்றுக்குப் போகிறது. கஞ்சாவின் பூவை யாரும் கழுவுவதில்லை. பிசுபிசுப்பான சுரப்பி மயிர்கள் நிறைந்த பூ அது. மேலே விழுந்தது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். காய வைக்கும்போது எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீராகப் போய்விடும், மருந்து மட்டும் தங்கிவிடும். அதைக் கொளுத்தி உள்ளிழுத்தால், குடலையும் கல்லீரலையும் கடக்காமல் நுரையீரலிலிருந்து நேரே இரத்தத்தில் கலந்துவிடும். சூடு பட்டால் வேறு பொருளாக மாறும் மருந்துகளும் இருக்கின்றன. மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லியைத் திராட்சைத் தோட்டங்களில் அனுமதியோடு பயன்படுத்துகிறார்கள், ரோஜாவின் கரும்புள்ளி நோய்க்கும் விற்கிறார்கள். அது எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடாவில் அந்தச் செடிக்கு இதை அனுமதிக்காததன் காரணம் இதுதான். உங்கள் புட்டியில் இருப்பது இதே பொருளாக இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் என் பதில் மாறாது: உணவுச் செடிக்குச் சோதித்துப் பார்த்த மருந்தையே புகைக்கும் செடிக்கு நம்ப முடியாது என்னும்போது, அலங்காரச் செடிக்கான மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இனி, உங்கள் பீன்ஸில் இருப்பது என்ன என்று பார்ப்போம். வெளிர்ப் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் செம்பேன்தான், சிலந்திப் பேன் என்றும் சொல்வார்கள். சந்தேகம் தீர, ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழும் துகள்களில் சில மெல்ல ஊர்ந்தால் முடிவு செய்துவிடலாம். அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், கைலென்ஸில் பார்த்தால் எட்டுக் கால்கள் தெரியும். இது பூச்சி இனமே அல்ல, சிலந்தியின் உறவு. பூச்சிக்கொல்லிகள் பல இதன்மேல் வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம். அதைவிட மோசமான விளைவும் உண்டு. பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியும் செம்பேனைத் தின்னும் உயிரிகளைப் பாதித்து, செம்பேன் முன்னைவிட வேகமாகப் பெருக வழிவிடுவதை வயல்களில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். ரோஜா மருந்தை அடித்திருந்தால் பத்து நாளில் நிலைமை இன்னும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

வெப்பமும் வறட்சியும் செம்பேனுக்கு வேண்டியவை. நல்ல வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி வரை ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான செடி வகைகளில் இது வாழும். உங்கள் தோட்டத்தில் பீன்ஸ், தக்காளி, ரோஜா, புதினா, கஞ்சா எல்லாமே அதற்கு உணவு. புதினாவைத் தவறாமல் பாருங்கள். தரையோடு அடர்ந்து கிடப்பதால் அங்கே இருப்பது நம் கண்ணில் படாது, பீன்ஸைச் சுத்தம் செய்த பிறகும் திரும்பத் திரும்ப வரும்.

செய்ய வேண்டியது மெனக்கெடும் வேலைதான், ஆனால் பலன் தரும். பீன்ஸில் நூல் படர்ந்த இலைகளை எல்லாம் கிள்ளி, அங்கேயே ஒரு பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். தோட்டத்தைக் கடந்து கையில் அள்ளிக்கொண்டு போனால் போகும் வழியெல்லாம் உதிரும். மட்கு உரக் குழியில் போட வேண்டாம். கொடி பாதிக்கு மேல் போய்விட்டிருந்தால் வேரோடு எடுத்துவிடச் சொல்வேன். மனசு வராது என்று தெரியும். ஆனால் அந்தக் கொடியில் இன்னும் வரப்போகும் பீன்ஸைவிட அதிலிருந்து மற்றச் செடிகளுக்குப் போகும் பேன் அதிகம். கஞ்சாவின் அடிக்கிளைகளில் வெயில் படாத, மெலிந்த, புள்ளி விழுந்த இலைகளையும் எடுத்துவிடுங்கள். பிறகு, காலை வேளையில், இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகப் பீய்ச்சுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரம் தொடர வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தினால் முட்டைகள் பொரிந்து எல்லாம் பழையபடி வந்துவிடும். தண்ணீர் மட்டும் போதவில்லை என்றால் செடிகளுக்கென்றே விற்கும் பொட்டாசியம் சோப்புக் கரைசலைப் புட்டியில் சொன்ன அளவில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், இலை கருகும். வேப்பெண்ணெயும் செம்பேனைக் குறைக்கும். ஆனால் அதன் வாசனையும் எண்ணெய்ப் படலமும் நெடுநாள் நிற்கும். கஞ்சாவில் நான் அதைத் தவிர்த்துவிடுவேன், ரோஜாவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.

செம்பேனைத் தின்னும் பேனும் உண்டு. ஃபைட்டோசெயூலஸ் பெர்சிமிலிஸ் என்பது அதன் பெயர். ஆரஞ்சு நிறத்தில், செம்பேனைவிட வேகமாக ஓடும். வளர்ந்த பெண் பேன் ஒரு நாளில் இருபது முட்டை வரை தின்னும். உயிரியல் கட்டுப்பாட்டுக்கென்றே இதை வளர்த்து விற்கிறார்கள். வாங்குவதென்றால் இப்போதே வாங்கிவிடுங்கள், சோப்பு அடித்தால் அது காய்ந்த பிறகு விடுங்கள். கஞ்சா பூத்து இலையெல்லாம் பிசின் மயிர் வந்த பிறகு விட்டால் இந்தக் குட்டி வேட்டைக்காரர்களால் அந்தப் பிசினில் நடமாட முடியாது.

இந்த இடத்தில்தான் விளக்கு வருகிறது.

கஞ்சா குறும்பகல் தாவரம், அதாவது பகல் குறையும்போது பூப்பது. பகல் குறைகிறது என்றால் இரவு நீள்கிறது. செடி உண்மையில் அளப்பது இரவைத்தான். பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பைக் கார்னர், அல்லார்ட் என்ற ஆய்வாளர்கள் 1920-இல் புகையிலையை வைத்து நிறுவினார்கள். செடி கணக்கிடுவது தொடர்ந்த இருளை என்பதை ஹேம்னரும் பானரும் 1938-இல் காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டியதும், அவர்கள் வளர்த்த குறும்பகல் செடி பூக்காமல் நின்றுவிட்டது. இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் இந்தக் கடிகாரத்தின் முள். சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும், இருளில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். வெள்ளை விளக்கு, மஞ்சள் விளக்கு எல்லாவற்றிலும் சிவப்புக் கதிர் கலந்திருக்கிறது. சாமந்தி வளர்க்கும் பண்ணைக்காரர்கள் இதையே தெரிந்து பயன்படுத்துகிறார்கள்: பூக்கும் நாளைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் இரவில் விளக்கு போடுவார்கள். உங்கள் பின்வாசல் விளக்கு அதே வேலையைக் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறது. முழு நிலவின் வெளிச்சம் மிகச் சொற்பம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஏழெட்டு அடியில் எரியும் மின்விளக்கு அதைப்போல் பல மடங்கு.

பெரும்பாலான கஞ்சா ரகங்களுக்குத் தொடர்ந்து பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருள் வேண்டும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல், விதைத்த சில வாரங்களில் தானாகவே பூக்கும் ரகங்களும் இருக்கின்றன. உங்கள் நண்பரிடம் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒரே ரகம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதோடு ஆள் உயரமும் வந்துவிட்டது. ஆகவே உங்களுடையது இரவை எண்ணும் வகைதான். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இந்தக் கணக்கு இல்லை, அவை வயது வந்தால் பூக்கும். அதனால்தான் ஒரே வரிசையில் ஒரே விளக்கின் கீழ் தக்காளி காய்த்துக்கொண்டிருக்க, கஞ்சா மட்டும் இலையாகவே நிற்கிறது.

விளக்கை அணைத்தால் போதும். பாதுகாப்புக்கு வேண்டும் என்றால், வெளிச்சம் படியில் மட்டும் விழும்படி மூடி போட்டுத் திருப்பிவிடுங்கள், அல்லது வீட்டின் வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். ஆள் வந்தால் எரிந்து அணையும் வகை விளக்கை இந்தச் செடிக்குப் பக்கத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பூனை போனால்கூட எரியும். இருள் நடுநடுவே கெட்டுக்கொண்டே இருந்தால், பூக்கத் தொடங்கிய பெண் செடியில் ஆண் பூக்களும் வந்துவிடக்கூடும். பெண் பூக்களுக்கு நடுவே குட்டி வாழைப்பழ வடிவில் மஞ்சளாக ஏதேனும் நீட்டிக்கொண்டிருந்தால் அவை மகரந்தப் பைகள். கண்டவுடன் ஈரத் துணியால் பிடித்துக் கிள்ளிவிட வேண்டும்.

இருள் சரியான பிறகு, கணுக்களில் பூவின் வெண்மயிர்கள் தெரிய ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். செம்பேனை விரட்ட உங்களுக்குக் கிடைக்கும் காலம் அந்த இடைவெளிதான். இலையாக மட்டும் நிற்கும்போது தண்ணீரைப் பீய்ச்சலாம், சோப்பு அடிக்கலாம். பூ திரளத் தொடங்கிய பிறகு இரண்டுமே கூடாது. ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சணம், சோப்பு தங்கினால் அது உங்கள் நுரையீரலுக்கு. அப்படியென்றால் பேனை முழுவதும் ஒழித்துவிட்டுப் பிறகு விளக்கை அணைக்கலாமே என்று தோன்றும். காலம் இருந்தால் அதுவே சரி. ஆனால் பூத்து முற்ற எட்டு முதல் பத்து வாரம் ஆகும், நீங்கள் ஏற்கெனவே மூன்று வாரம் பின்தங்கியிருக்கிறீர்கள், அறுவடைக்கு முன் குளிரோ அடைமழையோ வந்துவிட்டால் எல்லாம் வீண். அதனால்தான் இரண்டையும் இன்றே தொடங்கச் சொன்னேன்.

வெண்மயிர் வரும் நாட்களில் கணுக்களை உற்றுப் பாருங்கள். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டு மயிர்கள் நீட்டிக்கொண்டிருந்தால் பெண். காம்போடு சின்ன உருண்டை மொக்குகள் கொத்தாக வந்தால் ஆண். சாதாரண விதையிலிருந்து வளர்த்திருந்தால் பாதிக்குப் பாதி ஆணாக இருக்க வாய்ப்புண்டு. மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். உங்கள் பெண் செடி மட்டுமல்ல, நண்பர் வீட்டுச் செடியும் விதை கட்டிவிடும். ஆண் என்று தெரிந்தவுடன் மொக்கு விரியும் முன்பே எடுத்துவிடுங்கள்.

அடி இலைகள் மஞ்சளாவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குள் நகரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி அதைப் பழைய இலைகளிலிருந்து உருவி நுனிக்கு அனுப்பும், ஆகவே அடியிலிருந்து மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு நேர் எதிர், புது இலைகளில் முதலில் தெரியும். ஆள் உயரச் செடிக்கு அடி இலை நிழலில் பழுப்பதும் இயல்பே. மட்கு உரத்தை ஒரு கை அளவு வேருக்கு மேல் பரப்பி நிறுத்திக்கொள்ளுங்கள். பூக்கப் போகும் நேரத்தில் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் தடிக்கும், அந்த இளந்தளிரைத் தேடிச் செம்பேனும் அசுவினியும் வரும். பீன்ஸுக்கும் அந்த உரத்தைப் போட்டுவிடாதீர்கள், அது தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் வேர் முடிச்சுகளிலேயே தேடிக்கொள்ளும். தண்ணீரில் கவனமாக இருங்கள். புதினாவுக்கு எப்போதும் ஈரம் வேண்டும், கஞ்சாவுக்கு இரண்டு பாய்ச்சலுக்கு நடுவே மேல்மண் காய வேண்டும். ஒரே குழாயை ஒரே நேரம் எல்லாவற்றுக்கும் திறந்தால் வேரழுகல் வரும், அதிலும் அடி இலைகள் மஞ்சளாகித் துவளும். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் அன்று கஞ்சாவுக்குத் தண்ணீர் வேண்டாம்.

அந்தப் பழைய கொட்டகைதான் என்னை யோசிக்க வைத்தது. முன்பெல்லாம் பெயிண்டில் ஈயம் கலப்பார்கள். உரிந்து விழுந்த செதில்கள் மண்ணில் கலந்தால் ஈயம் மக்காது, கரைந்து போகாது, தலைமுறைகள் தாண்டியும் அங்கேயே இருக்கும். கஞ்சா மண்ணிலிருந்து ஈயம், காட்மியம் போன்றவற்றை நன்றாக உறிஞ்சும் செடி. செர்னோபில் அணுஉலை விபத்தில் கெட்ட நிலத்தைச் சீராக்க முடியுமா என்று பார்க்க 1990-களின் பிற்பகுதியில் அங்கே நட்டுப் பார்த்தவற்றுள் நாருக்காக வளர்க்கும் இதன் ஹெம்ப் வகையும் ஒன்று. அந்தத் திறமை உங்கள் பாத்தியில் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். தக்காளிப் பழத்துக்குள் ஈயம் மிகக் குறைவாகவே ஏறும். புதினா போன்ற கீரை வகையில் இலைமேல் தெறிக்கும் மண்தான் பெரிய கவலை.

எனவே ஒரு கைப்பிடி மண்ணை ஐந்தாறு இடத்திலிருந்து எடுத்துக் கலந்து, கன உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சாதாரண மண் பரிசோதனையில் ஈயத்தைப் பார்க்க மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். முடிவு வரும் வரை, உங்கள் மகளை அந்தப் பாத்தியில் வெறும் கையோடு விளையாட விட வேண்டாம். தோட்டத்திலிருந்து வந்தால் கை கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைக்க வேண்டும், செருப்பு வெளியே இருக்கட்டும். இந்தச் செடிகளைவிட அந்த மண் குழந்தைக்கு அதிகக் கேடு செய்யக்கூடும். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அளவு அதிகம் என்று வந்தால், இந்தப் பூக்களை அறுத்துப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். இவ்வளவு பாடுபட்ட பிறகு அது கஷ்டமான காரியம், ஆனாலும் அதுதான் சரி. அடுத்த ஆண்டு, உயர்த்திக் கட்டிய பாத்தியில் புது மண் நிரப்பி வளர்க்கலாம்.

மகளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பச்சைச் செடியில் போதை தரும் டிஹெச்சி பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது. சூடு பட்டால்தான் அது முழுப் போதைப் பொருளாக மாறும். இதைக் கேட்டுவிட்டுப் பச்சை இலை ஒன்றும் செய்யாது என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள், காயக் காய மாற்றம் நடந்துகொண்டேதான் இருக்கும். குழந்தைகள் உண்மையில் ஆபத்துக்குள்ளாவது தோட்டத்தில் அல்ல, அறுவடைக்குப் பிறகு வீட்டுக்குள்தான். அதிலும் பிஸ்கட், மிட்டாய், வெண்ணெய் என்று தின்பண்டமாகச் செய்து வைக்கும் வீடுகளில். பெரியவர் ஒருவர் கால் துண்டு எடுப்பதைக் குழந்தை முழுதாகத் தின்றுவிடும். தள்ளாட்டம், எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மந்தமாவது என்று போகும். அப்படி ஏதேனும் நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், என்ன சாப்பிட்டாள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தில் மறைப்பதால் சரியான சிகிச்சை தாமதமாகிறது. என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தத் தின்பண்டங்களைச் செய்யவே வேண்டாம். குழந்தை இருக்கும் இடத்தில் புகைப்பதும் கூடாது.

நாய்க்கும் இதே கவனம் வேண்டும். மனிதர்களைவிட நாய்களை டிஹெச்சி கடுமையாகத் தாக்கும். நடை தடுமாறும், சிறுநீர் தானாகச் சொட்டும், தொட்டால் அதிரும். உதிர்ந்த இலைகளையும் வெட்டிய கிளைகளையும் தரையில் போட்டு வைக்காதீர்கள். செடிகளைச் சுற்றி இடுப்புயர வேலியும் பூட்டும் போடுங்கள். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்த ஒவ்வொருவரும் மூன்று செடிகள் வளர்க்கலாம், ஆனால் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பாதுகாக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்திலும் இப்படி ஏதாவது இருக்கும், படித்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஓர் அரளியைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்தில் உயிருக்கே ஆபத்தான செடி அதுதான். இலை, பூ, தண்டு, பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு, காய்ந்தாலும் வீரியம் போகாது. கஞ்சாவுக்குப் பூட்டுப் போடுகிற பல வீடுகளில் அரளி, செங்காந்தள், ஆமணக்கு எல்லாம் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்தே நிற்கின்றன. பெயர் கெட்டுப்போன செடியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தொட்டியில்தானே இருக்கிறது, மகளுக்கு விவரம் தெரியும் வரை அரளியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவின் கூட்டாட்சிச் சட்டம் 2018 அக்டோபர் முதல் வீட்டுக்கு நான்கு செடிகளை அனுமதிக்கிறது. அங்கேயும் கியூபெக் மாகாணத்தில் வீட்டில் வளர்க்கத் தடை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது பத்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். அழகுக்கு ஒரு தொட்டியில் வைத்தேன் என்பதெல்லாம் பதிலாகாது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நம்மவர்கள் வாழும் இடங்களிலும் வளர்ப்பது குற்றம்தான். வாசகர் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் இருப்பதால் இந்தப் பதிலை எழுதினேன். விதையைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம்.

மீண்டும் உங்கள் தோட்டத்துக்கு. பூ திரளும் வாரங்களில் உங்கள் பெரிய எதிரி போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம். தக்காளியின் பூவிலும் காயிலும் வருவதும் இதுதான். ஆகவே தக்காளியில் பழுத்துத் தொங்கும் இலைகளையும் அழுகிய காய்களையும் உடனுக்குடன் எடுங்கள், இரண்டுக்கும் நடுவே காற்று போகும்படி கிளைகளைக் கழியுங்கள். மழை பெய்தால் விடிந்ததும் கஞ்சாவின் கிளைகளை மெல்ல உலுக்கி நீரை உதறுங்கள். தடித்த பூவின் நடுவில் ஒரு சிற்றிலை மட்டும் திடீரென்று காய்ந்து நின்றால் அந்த இடத்தை விரித்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு தெரிந்தால் அதற்கு ஓர் அங்குலம் கீழே வரை வெட்டி எறிய வேண்டும். பாதியை வெட்டிப் பாதியைக் காப்பாற்றி வைப்பது நடக்காது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூஞ்சணம் பிடித்த பூவின் புகை நுரையீரல் தொற்றுவரை கொண்டுபோய்விடும்.

அறுத்த கிளைகளைப் பூட்டக்கூடிய, இருட்டான அறையில் ஒன்றோடொன்று படாமல் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம், பத்து முதல் பதினான்கு நாள். வேகமாகக் காயட்டும் என்று அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைக்காதீர்கள். மெல்லிய காம்பு வளையாமல் முறிந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு கண்ணாடி ஜாடியில் அடைத்து, அதையும் பூட்டி வையுங்கள்.

பருவம் முடிந்ததும் பீன்ஸ் கொழுகொம்புகளைக் கவனிக்க மறக்காதீர்கள். குளிர் நெருங்கும்போது செம்பேனின் பெண்கள் ஆரஞ்சுச் சிவப்பு நிறத்துக்கு மாறி, குச்சியின் வெடிப்பிலும் கட்டுக்கயிற்றின் முறுக்கிலும் சருகுக்கு அடியிலும் ஒடுங்கிக் கிடந்து அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். கயிறுகளை எறிந்துவிடுங்கள், குச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் காயவையுங்கள். புதினாவைத் தரையோடு வெட்டி, தோண்டித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த ஆண்டு பீன்ஸைத் தோட்டத்தின் மறுகோடியில் போடுங்கள். நடுவில் கொத்தமல்லியையும் சோம்பையும் பூக்க விட்டால், அசுவினியைத் தின்னும் மலர் ஈக்களும் சிறு குளவிகளும் தேன் தேடி அங்கே வரும். மண் பரிசோதனையின் முடிவு வந்தால் எழுதுங்கள், ஈயத்தின் அளவைப் பார்த்துவிட்டு எந்தப் பாத்தியில் எதை வைக்கலாம் என்று சொல்கிறேன்.